மாலே நகருக்கு அம்மாவுடன் பயணம்: படகா, பாலமா?

மழைக்குருவி, தலவாக்கலை:
வணக்கம். மாலைதீவின் தலைநகரான மாலேயில், ஓர் உணவகத்தின் சமையலறையில் என் அண்ணன் வேலை செய்கிறார். பெப்ரவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு வாரம் அங்கே போய்வர எண்ணியிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்த அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. காலிமுகத்திடலில் நின்று பார்த்ததைத் தவிர அவருக்குக் கடலோடு எந்தப் பழக்கமும் இல்லை. விமான நிலையம் தனித் தீவில் இருப்பதால் படகில் கூட்டிப்போவதாக அண்ணன் சொன்னதிலிருந்து பயணமே வேண்டாம் என்கிறார். படகைத் தவிர்க்க முடியுமா? ஊருக்குள் நடந்தே சுற்றலாமா? அண்ணனின் அறையில் வைப்பதற்குச் சிறிய முருகன் சிலை ஒன்றையும் அம்மா எடுத்து வைத்திருக்கிறார், அதைக் கொண்டுபோகலாமா?

பழைய மாலேக்காரன், ஹற்றன்:
தங்கச்சி, முதலில் பாலத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள். நான் 2016இல் போனபோது விமான நிலையம் இருக்கும் ஹுல்ஹுலேயிலிருந்து மாலேக்குப் படகைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 2018 ஆகஸ்டில் சினமாலே பாலம் திறந்த பிறகு பஸ்ஸிலோ டாக்சியிலோ ஏறினால் கால் நனையாமல் ஊருக்குள் இறங்கிவிடலாம். பொதிகளும் முழங்கால் வலியும் சேர்ந்திருக்கும் முதல் நாளில் டாக்சிதான் நல்லது.

அண்ணனிடம் முகவரியை முழுமையாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பழைய முறைப்படி வீட்டுக்கு இலக்கத்தைவிடப் பெயர்தான் முக்கியம். ஹென்வேரு, கலொல்ஹு, மாஃபன்னு, மச்சங்கொல்ஹி என்ற நான்கு வட்டாரங்களில் எது என்பதைக் காட்டும் எழுத்து முன்னால் வரும், அதன் பின் வீட்டின் பெயர், பிறகு தெரு. நம் ஊரில் மேல் டிவிசன், மூன்றாம் லயம் என்று சொன்னால் எவரும் வழிகாட்டுவதைப் போலத்தான். தெருப் பெயர் 'மகு' என்று முடிந்தால் அகலமான வீதி, 'கொல்ஹி' என்று முடிந்தால் சந்து.

ஊரின் பரப்பு ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீற்றர்தான் என்பதால் நடந்து சுற்றலாம் என்றே தோன்றும். ஆனால் நடைபாதை ஓர் ஆள் அகலம், அதன் ஓரத்தில் மோட்டார் சைக்கிள்கள் கைப்பிடியோடு கைப்பிடி உரச நிறுத்தப்பட்டிருக்கும். எதிரே ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். மேடு பள்ளம் இல்லாத ஊர் என்றாலும், நம் குளிரில் வாழ்ந்தவர்களை அந்த வெயில் அரை மணி நேரத்தில் களைக்க வைத்துவிடும். காலையிலும், ஐந்து மணிக்குப் பிறகும் மட்டும் வெளியே கூட்டிப்போங்கள்.

ஊவாக்காற்று, பண்டாரவளை:
முன்னவர் சொன்னவற்றில் பெரும்பாலானவை சரி; ஆயினும் படகை அடியோடு ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் பெப்ரவரியில் அங்கே மழை குறைவு, கடலும் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். மே மாதத்துக்குப் பிறகு போவதென்றால் நானே வேண்டாம் என்றிருப்பேன். விமான நிலையத்துக்கு ஓடுவது கூரையும் இருக்கைகளும் உள்ள தோணி, பயணம் பத்து நிமிடம். சிரமம் அலையில் இல்லை, துறையிலிருந்து தோணிக்குக் கால் எடுத்து வைக்கும் அந்த ஓர் எட்டில்தான் இருக்கிறது. பொதி ஏதுமில்லாத ஒரு மாலை நேரத்தில், மேற்குப் பக்கத்திலிருந்து வில்லிமாலே தீவுக்குப் போகும் படகில் அம்மாவை ஏற்றிப் பாருங்கள். மாலேயின் நெரிசல் அங்கே கிடையாது, மர நிழலில் உட்காரலாம்.

1658இல் பவளக் கல்லால் கட்டப்பட்ட ஹுகுரு மிஸ்கி என்ற பழைய பள்ளிவாசலை வெளியே நின்றாவது பாருங்கள்; கல்லில் செதுக்கிய வேலைப்பாடு நம் கோயில் தச்சர்களையே நின்று பார்க்க வைக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் மட்டும் எங்கும் போகத் திட்டமிடாதீர்கள். ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடைகள் எல்லாம் பூட்டப்படும் என்பதை மறந்து, பசியோடு ஒரு கடைப் படியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான்.

சிங்களம் தெரிந்தால் அந்நாட்டு மொழியான திவேஹியின் எண்கள் உடனே பிடிபடும்: எகே, தே, தினே, ஹதரே, ஃபஹே. மீன் சந்தையில் விலை கேட்க இது போதும்.

கொத்மலை ஓயா:
சிலையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வழிபாட்டுச் சிலைகளையும், மதுவையும், பன்றி இறைச்சியையும் அந்நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. சுங்கத்தில் பையைத் திறந்து காட்டச் சொல்லும்போது அம்மா கலங்கிப்போவார். வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

சுற்றுலா விசா இறங்கியவுடன் முப்பது நாட்களுக்கு இலவசமாகக் கிடைக்கும், ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. விமானம் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும் என்றாலும், தலவாக்கலையிலிருந்து கட்டுநாயக்க வருவதற்குத்தான் நாளில் பாதி போகும். முதல் நாளே வந்து கொழும்பில் தங்குங்கள். மாலேயில் இறங்கியதும் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும்.

மழைக்குருவி, தலவாக்கலை:
மூவருக்கும் நன்றி. பாலம் இருப்பதை அறிந்து அம்மா பாதி இறங்கி வந்துவிட்டார், வில்லிமாலே படகை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். முருகன் மறுபடியும் சாமித் தட்டுக்கே போய்விட்டார். சம்பலுக்குப் போடும் மாசிக் கருவாடு அந்த ஊரிலிருந்துதான் வருகிறது என்று நான் சொன்ன பிறகுதான் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க நாளைக்கு வரச் சம்மதித்தார். எத்தனை கிலோ கொண்டுவரலாம் என்பது அவருடைய அடுத்த கேள்வி.