ஏழைக் கிராமத்தில் இலவசமாக பிரேம் போட்ட போட்டோ கொடுப்பது உதவியா, நம் ஆசையா?

ஒளிக்காரன்:
போன மாதம் நாங்கள் ஐந்து பேர் ஒரு மலைக் கிராமத்துக்குப் போய், இரண்டு நாளில் அறுபது வீட்டுக்காரர்களைப் படம் எடுத்து, அங்கேயே பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டிக் கையில் கொடுத்துவிட்டு வந்தோம். காசு வாங்கவில்லை. திரும்பி வந்ததும் நண்பர் ஒருவர் "சாப்பாட்டுக்கே வழியில்லாதவருக்கு போட்டோ எதுக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அங்கே ஒரு பாட்டி. அவர் வீட்டில் அவர் முகம் இருந்த ஒரே இடம் அடையாள அட்டை, அதுவும் தபால்தலை அளவில், பாதி இருட்டாக. உட்காரச் சொன்னதும் "இருப்பா" என்று உள்ளே போனவர் கால் மணி நேரம் வெளியே வரவில்லை. தலையை நனைத்து வாரி, பெட்டியின் அடியிலிருந்த துணியைக் கட்டிக்கொண்டு வந்தார், மடிப்புக் கோடு கூடப் போகவில்லை. படத்தை வாங்கியதும் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தில் மடியில் இருந்த கைகளைக் கண்ணாடி மேல் விரலால் தடவி, "எங்க அம்மா கை மாதிரியே இருக்கு" என்றார். அம்மாவின் படம் அவரிடம் கிடையாது. இதை வீண்செலவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சாளரம்:
ஒளிக்காரன், பாட்டி விஷயம் நெஞ்சைத் தொட்டது, மறுக்கவில்லை. ஆனால் பிரிண்டர், காகிதம், அறுபது பிரேம், வண்டி வாடகை எல்லாம் சேர்த்த பணத்தை அந்த ஊரிடமே கொடுத்து "என்ன வேண்டும்?" என்று கேட்டிருந்தால் யாராவது போட்டோ என்று சொல்லியிருப்பார்களா? நமக்குத் தெரிந்த வேலை கேமரா, அதனால் அவர்களுக்குத் தேவையும் கேமராதான் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம்.

இன்னொன்று, ஏழைகளைப் படம் பிடித்த வரலாறு அவ்வளவு நல்லதாக இல்லை. 1936இல் கலிபோர்னியாவில் புகைப்படக் கலைஞர் டோரதியா லேங்கே எடுத்த புலம்பெயர்ந்த தாயின் படம் உலகமெல்லாம் போனது. அந்தப் பெண் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. தனக்கு ஒரு காசு கூட வரவில்லை, அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் வருத்தப்பட்டார்.

ஒளிக்காரன்:
நீங்கள் சொல்வது படத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் கதை. நாங்கள் கொடுத்துவிட்டு வந்தவர்கள். 1984இல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படம் 1985இல் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்தது. 2002இல் அந்தச் சிறுமியான ஷர்பத் குலாவைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டும் வரை அவர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. உலகமே பார்த்த முகத்தை உரியவர் பதினேழு வருடம் பார்க்கவில்லை! இதைத் திருப்பிப் போடத்தான் எங்களைப் போன்றவர்கள் முயல்கிறோம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஜெரமி கவார்ட் ஆரம்பித்த ஹெல்ப்-போர்ட்ரெயிட் இயக்கமும் இதையேதான் சொல்கிறது, படம் எடுப்பது பெரிதல்ல, கொடுப்பதுதான் பெரிது என்று.

பழைய நெகட்டிவ்:
சண்டைக்கு நடுவில் வேலை விஷயம் ஒன்று. கண்ணாடியைப் படத்தோடு ஒட்டி மாட்டினீர்களா, நடுவில் இடைவெளி விடும் மவுண்ட் அட்டை வைத்தீர்களா? ஈரக்காற்று அடிக்கிற ஊரில் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரித்தால் முகமே கிழிந்து வரும். மலிவான சாய மை (டை) இங்க்ஜெட் பிரிண்டும் வெயில் படும் சுவரில் நிற்காது, வெளுத்துப் போகும். சூட்டினால் சாயத்தைக் காகிதத்தில் ஏற்றும் டை-சப்ளிமேஷன் பிரிண்டர் என்றால் பரவாயில்லை, நிறங்களுக்கு மேல் கடைசியாக ஒரு பாதுகாப்புப் படலம் போட்டுத்தான் வெளியே தள்ளும். பிரேமுக்குப் பின்னால் ஸ்டாண்டும் இருக்கட்டும், மண் சுவரில் ஆணி நிற்காது.

ஒளிக்காரன்:
டை-சப்ளிமேஷன்தான் அண்ணா. மவுண்ட் அட்டை வைக்கவில்லை, அது எங்கள் தப்பு. ஆணி விஷயம் உண்மை, பல வீட்டில் பிரேமை ட்ரங்குப் பெட்டி மேல் சாய்த்து வைத்திருந்தார்கள்.

தும்பை:
நான் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள், அதனால் சொல்கிறேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு குழு வந்தது. அப்பாவை வாசலில் நிற்க வைத்து நிறையப் படம் எடுத்தார்கள், "கட்டாயம் அனுப்புகிறோம்" என்று முகவரி எழுதிக்கொண்டு போனார்கள். தபால்காரர் வரும் நேரத்துக்கு அப்பா தெருமுனையில் போய் நிற்பார். ஒன்றும் வரவில்லை. மறுவருடம் அப்பா இறந்துவிட்டார். அவர் முகம் எங்கோ யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரில் இருக்கிறது, என்னிடம் இல்லை. சாளரம், பணத்தைக் கொடுத்துக் கேட்டிருந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டிலும் மருந்து என்றுதான் சொல்லியிருப்போம், சரி. ஆனால் இன்றைக்கு என்னைக் கேட்டால் அந்தப் படம் என்றுதான் சொல்வேன்.

சாளரம்:
தும்பை, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒளிக்காரனிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் குழுவின் பக்கத்தில் ஒரு ஆல்பம் பார்த்தேன், பிரேமைப் பிடித்துக்கொண்டு அழுகிற முகங்கள், நடுவில் உங்கள் சிரிப்பு. அதைப் போட அவர்களிடம் கேட்டீர்களா? நாற்காலியில் உட்காரச் சம்மதித்தவர் அழுவதை ஊருக்குக் காட்டவும் சம்மதித்தார் என்று ஆகாது.

ஒளிக்காரன்:
கேட்கவில்லை. அடுத்த முறைக்கு நன்கொடை கிடைக்கும் என்று போட்டோம். பாட்டியும் அதில் இருக்கிறார். தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்த படத்தைப் போடாமல், அவர் கண்ணைத் துடைக்கும் படத்தைத்தான் போட்டிருக்கிறோம், இப்போது பார்க்கும்போது உடம்பு கூசுகிறது. ஆல்பத்தை எடுத்துவிட்டேன். மவுண்ட் அட்டையோடு அடுத்த மாதம் திரும்பப் போகிறோம், ஒவ்வொரு பிரேமாகக் கழற்றி மாட்ட வேண்டும்.

சாளரம்:
நல்லது. பணம் பற்றிய என் கருத்து மாறவில்லை, அதைத் தனியாகப் பேசுவோம்.

தும்பை:
போகும்போது ஆளுக்கு இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பிள்ளைகள்.