'லிங்குவா'வின் முதலெழுத்து மாறியது எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். நாக்கைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'லிங்குவா'வின் முன்னோர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதன் பழைய வடிவம் 'திங்குவா' என்று 4ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் மாரியஸ் விக்டோரினஸ் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தின் 'டங்' அதற்கு உடன்பிறப்பு. அதுவரை தெளிவு. தகரம் லகரமானதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நக்குதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'லிங்கெரெ' அதன் ஒலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்கிறார்கள். அப்படியானால் கண்ணீர்? கிரேக்கத்தில் 'தாக்ரு', பழைய லத்தீனில் 'தாக்ருமா', பிறகு 'லாக்ரிமா'! கணவனின் சகோதரனும் அப்படித்தான்: சமஸ்கிருதத்தில் 'தேவர', லத்தீனில் 'லேவிர்'. இவற்றையும் நக்குதலோடு முடிச்சுப்போட எனக்கு மனம் வரவில்லை. பண்டைய ரோமின் அண்டை இனத்தாரான சபைன் மக்களின் பேச்சுவழக்கே காரணம் என்ற கருத்துக்குக் கல்வெட்டுச் சான்று உண்டா? லத்தீன் ஒலியியல் படித்தவர்கள் ஒரு நூலையாவது சுட்டிக்காட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.