வேப்பங்கொப்பு நுனியில் தேன்சிட்டு, நடுக்கொப்பில் உடும்பு

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். புறவாசல் வேம்பில் தேன்சிட்டு கூடு கட்டுவதை முதலில் பார்த்தது ஆச்சிதான். “நூலாம்படையைக் கொத்திக் கொத்திக் கொண்டுபோகுது பாரு” என்றாள். சிலந்தி வலையில் பட்டைத் துணுக்கு, சருகு, புழு எச்சம் எல்லாம் ஒட்டி ஒரு பை தொங்கியது. வாசலுக்கு மேலே மழை நனையாதபடி சின்னத் தாழ்வாரம் வேறு. கட்டுவதும் அடைகாப்பதும் பெட்டைதான். அது உள்ளே உட்கார்ந்தால் வளைந்த அலகு மட்டும் வெளியே தெரியும். இத்தனைக்கும் அந்தக் குருவி பத்து கிராம் தேறாது.

ஒருநாள் மத்தியானம் அணில் விடாமல் கத்தியது. போய்ப் பார்த்தால் வேம்பில் ஓர் உடும்பு ஏறிக்கொண்டிருக்கிறது. வாலோடு சேர்த்து நாலடி இருக்கும். பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. வாசனை பிடிப்பது அந்த நாக்கால்தான். முட்டை, குஞ்சு எதுவும் அதற்கு ஆகும். எனக்குக் கைகால் ஓடவில்லை.

கூடு இருந்த கொப்பிலேயே அது நகர்ந்தது. மணிக்கட்டுக் கனம் இருந்தவரை சுலபமாகப் போய்விட்டது. அதற்கப்புறம் கொப்பு விரல் கனம்தான். ஓரடி வைத்ததும் தாழ்ந்து ஆடியது. உடும்புப் பிடி என்று சொல்கிறோமே, அந்த நகங்களுக்கு அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. கூட்டுக்கும் அதற்கும் ஒரு கை தூரம். தேன்சிட்டு ஜோடி தலைக்கு மேலேயே கீச்சிட்டுப் பறந்தன. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது, அப்புறம் பின்னாலேயே நகர்ந்து இறங்கிவிட்டது. அந்தச் சின்னக் குருவி இடம் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

அதற்குள் பக்கத்து வீட்டு அண்ணன் கம்போடு வந்துவிட்டார். “அண்ணே, வேண்டாம்ணே, விட்டுருங்க” என்று குறுக்கே நின்றேன். கறிக்கும் கஞ்சிராத் தோலுக்கும் அடித்தே உடும்பைக் குறைத்துவிட்டோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில்தான் உடும்பும் இருக்கிறது. சிட்டுக்காகப் பதறிய எனக்கு, கம்பைப் பார்த்ததும் உடும்புக்காகவும் அதே பதற்றம்தான்.

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். உடும்பு எருக்குழிக்குப் போய் வண்டு தோண்டித் தின்றது. சாயங்காலம் கூட்டைப் பார்த்தேன். வாசலில் அந்த அலகு நீட்டிக்கொண்டிருந்தது.