போஷ் ‘பெரிதாக்கினார்’ என்றால் என்ன அர்த்தம்?

குடுவை:
அம்மோனியா என்றாலே ஹேபர், போஷ் என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். 1909 ஜூலையில் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா ஆக்கும் வினையை நடத்திக் காட்டியவர் ஹேபர். கார்ல் போஷ் அதைப் பெரிதாக்கினார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வினை நடக்கும் பெரிய உருளை செய்ய ஆள் வைத்ததோடு சரியா, வேதியியலாளராக அவரே எதையாவது தீர்த்தாரா? முனைவர் பட்டம் கரிம வேதியியலில். எஃகோடு எப்படி மல்லுக்கட்டினார்?

வினையூக்கி:
லைப்சிக்கில் 1898-இல் பட்டம் வாங்கும் முன்பே சார்லோட்டன்பர்க்கில் உலோகவியலும் இயந்திரப் பொறியியலும் படித்தவர் அவர். வழக்கு அங்கேயே பாதி தீர்ந்துவிடுகிறது.

1899-இல் பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே ஒரு சங்கடமான வேலை. இரும்பை வைத்து அம்மோனியா எடுத்துவிட்டதாகப் புகழ்பெற்ற வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் சொன்னதைச் சரிபார்க்கச் சொன்னார்கள். போஷ் கண்டது: அம்மோனியா காற்றின் நைட்ரஜனிலிருந்து வரவில்லை, இரும்பில் ஏற்கெனவே ஒட்டியிருந்த நைட்ரைடிலிருந்து (இரும்பும் நைட்ரஜனும் சேர்ந்த சேர்மம்) வந்தது. அவ்வளவு பெரிய பெயருக்கு எதிராக ஒரு புதுப் பையன்!

இப்போது உருளைக்கு வருவோம். சுமார் 200 வளிமண்டல அழுத்தம், 500 டிகிரிக்கு மேல் சூடு. கனமான கார்பன் எஃகு உருளைகள் 80 மணி நேரம்போல ஓடி வெடித்தன. போஷ் உடைந்த சுவரை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வைத்தார். உள்பக்கத்தில் கார்பனைக் காணோம். கார்பன் போனால் இரும்பு மிருதுவாக வேண்டும், இதுவோ நொறுங்கியது. காரணம், எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜன் கார்பனோடு சேர்ந்து மீத்தேன் ஆகி, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே விரிசல் போட்டது.

கார்பனே இல்லாத இரும்பு போட்டால் அழுத்தம் தாங்காது. எனவே ஒரே சுவரின் இரண்டு வேலைகளையும் அவர் பிரித்தார். உள்ளே மென்னிரும்பு உறை: வாயுவைத் தொடுவது அது மட்டும். வெளியே தடித்த எஃகு: அழுத்தம் தாங்க. உறை வழியாகவும் ஹைட்ரஜன் கசியத்தான் செய்யும். வெளிச்சுவரில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு அதை வெளியே விட்டுவிட்டார். அழுத்தத்தோடு எஃகுக்குள் புகாததால் அது எஃகைக் கெடுக்கவில்லை, வீணான வாயுவும் சொற்பம். இது 1911. இதைத்தான் ‘பெரிதாக்கினார்’ என்கிறார்கள்.

மேக்னடைட்:
இன்னொரு பாதி, வினையை வேகப்படுத்தும் வினையூக்கி. ஹேபர் பயன்படுத்திய ஆஸ்மியம் என்ற உலோகம் உலகத்திலேயே கொஞ்சம்தான் இருந்தது. மாற்று தேடும் வேலையை போஷ் தன்னோடு வேலை செய்த வேதியியலாளர் மித்தாஷிடம் விட்டார். ஒரு பெரிய கருவியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது என்பதால், 2 கிராம் வினையூக்கி வைத்த குப்பியைக் கழற்றி மாட்டும் சிறு உயரழுத்தக் கருவிகள் பல செய்தார்கள். 1912 தொடக்கத்துக்குள் சுமார் 2,500 கலவைகள், 6,500 சோதனைகள்.

குடுவை:
அத்தனை சோதனை செய்தால் எவருக்கும் ஏதாவது மாட்டும்தானே? தலைமை எங்கே இருக்கிறது?

மேக்னடைட்:
மாட்டாது. 1909 நவம்பரில் ஸ்வீடன் நாட்டு மேக்னடைட் என்ற இரும்புத் தாது ஒன்று நன்றாக வேலை செய்தது, தூய இரும்போ சுமார்தான். அப்படியானால் விஷயம் கலப்பில் இருக்கிறது என்று, சுத்த இரும்பில் ஒவ்வொரு ஆக்சைடாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அலுமினா (அலுமினிய ஆக்சைடு) இரும்புத் துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் காத்தது, பொட்டாசியம் வேகம் கூட்டியது. வாயுவில் கந்தகமோ கார்பன் மோனாக்சைடோ கொஞ்சம் இருந்தாலும் நல்ல வினையூக்கியும் மோசமாகத் தெரியும். ஆகவே வாயுவைச் சுத்தம் செய்யாமல் எடுத்த எண்ணை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. யாருக்கு எந்தக் கேள்வி, எந்த எண்ணை நம்பலாம் என்று தீர்மானிப்பது சின்ன வேலையா?

துலாக்கோல்:
முழுக்கப் புகழ்ந்துவிட வேண்டாம். பிஏஎஸ்எஃப் கட்டிய ஓப்பாவ் அம்மோனியா ஆலை 1913 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது, 1919-இல் போஷ் நிறுவனத்தின் தலைவர். 1921 செப்டம்பர் 21 அன்று அதே ஓப்பாவில் அம்மோனியம் சல்ஃபேட்டும் நைட்ரேட்டும் கலந்த உரக் கிடங்கு வெடித்து 500 பேருக்கு மேல் மாண்டார்கள். கட்டிதட்டிய உரத்தைச் சிறு வெடி வைத்துத் தளர்த்துவது அங்கே வழக்கம். ஆயிரக்கணக்கான முறை ஒன்றும் ஆகவில்லை. மாதிரிகளைச் சோதித்தபோதும் பத்திரம் என்றே வந்தது. ஆனால் குவியல் முழுக்க ஒரே கலவையாக இருக்கவில்லை, சில இடங்களில் நைட்ரேட் கூடியிருக்க வேண்டும் என்பதே பரவலான விளக்கம். 2 கிராம் குப்பியில் கலவை எங்கும் ஒன்றுதான். கிடங்கில் அப்படி இல்லை.