விலைவில்லை: உரிப்பதா, பெயர்ப்பதா?

சிகாகோவிலிருந்து:

தமிழ்ச் சொல்லாக்க மின்னஞ்சல் குழுவினருக்கு வணக்கம். பழைய வீடியோ கேம் பெட்டிகளைச் சேகரிப்பவள் நான். அவற்றைப் பேணுவது பற்றித் தமிழில் ஒரு கைக்குறிப்பு எழுத உட்கார்ந்து, முதல் பத்தியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மேசைமேல் எர்த்பவுண்ட் பெட்டி இருக்கிறது. 1995இல் அமெரிக்காவில் சூப்பர் நிண்டெண்டோ என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்த விளையாட்டு. வழிகாட்டிப் புத்தகத்தையும் உள்ளே வைத்து விற்றதால் பெட்டி மற்றவற்றைவிடப் பெரியது. அன்று சரியாகப் போணியாகவில்லை, இன்று தேடி அலைகிறார்கள். என்னிடம் இருப்பதன் முகப்பில் கடைக்காரர் ஒட்டிய விலை ஸ்டிக்கர், அதன் தலையிலேயே தள்ளுபடி விலை ஸ்டிக்கர், மேல்மூலையில் தனியாக இன்னொன்று. அட்டை கெடாமல் இவற்றை எடுக்கிற வேலைக்குத் தமிழில் என்ன பெயர்? ‘ஸ்டிக்கர் அகற்றுதல்’ என்று எழுதிப் பார்த்தேன். தேர்தல் நேரத்தில் சுவரொட்டி அகற்றுகிற அறிவிப்பு போலத் தொனிக்கிறது.

செயலுக்கு மட்டுமல்ல. ஸ்டிக்கரோடு அட்டையின் மேல்தோலும் வந்துவிட்ட இடம், ஸ்டிக்கர் போனபின் மிஞ்சும் பசை, சுற்றிலும் வெயிலில் வெளிறிப்போக ஸ்டிக்கருக்கு அடியில் மட்டும் பழைய நிறத்தோடு நிற்கும் சதுரம், இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் விலை பேசுவதே இவற்றை வைத்துத்தான்.

பாளையங்கோட்டையிலிருந்து:

அன்புள்ள அம்மா, நல்ல கேள்வி. ஸ்டிக்கருக்கு ‘ஒட்டுவில்லை’ முன்பே புழக்கத்தில் உண்டு. விலை அச்சிட்ட சிறு துண்டுக்கு ‘விலைவில்லை’ போதும். வில்லை என்பது மாத்திரைக்கும், கண்ணாடிச் சில்லுக்கும், அந்தக் காலச் சேவகர் மார்பில் அணிந்த பட்டயத்துக்கும் பெயர். சிறிதாக, தட்டையாக இருக்க வேண்டும், அவ்வளவே. ஆகவே இங்கும் பொருந்தும்.

எடுக்கும் செயல் ‘ஒட்டுநீக்கம்’. மிஞ்சிய பசை ‘பசையெச்சம்’. கிழிந்த இடம் ‘உரிகாயம்’. வெளிறாத சதுரத்துக்கு யோசிக்க ஒரு நாள் கொடுங்கள்.

பெங்களூரிலிருந்து:

ஐயா, மன்னிக்கணும். பசையெச்சம்னு படிச்சதும் மொட்டைமாடிக் காக்காதான் ஞாபகம் வந்துச்சு.

ஸ்டிக்கரை எதுக்கு விரட்டணும்? ஸ்டிக்கர் பொட்டு வாங்காத வீடு உண்டா? அடுத்தவங்க செஞ்ச வேலைக்குத் தன் பேரைப் போட்டுக்கறதை ‘ஸ்டிக்கர் ஒட்டுறது’ன்னு ஊரே சொல்லுது. உவமையாவே ஆகிப்போன சொல்லுக்கு இனிமே என்ன மொழிபெயர்ப்பு வேண்டிக் கிடக்கு? ‘ஸ்டிக்கர் எடுத்தல்’, முடிஞ்சது.

சென்னையிலிருந்து:

நான் பழைய புத்தகங்களையும் ஆவணங்களையும் செப்பனிடுகிற வேலையில் இருக்கிறேன். விளையாட்டுப் பெட்டி எனக்குப் புதிது. ஆனால் அட்டையும் பசையும் அன்றாடம் கையில் புரள்பவை. சொல்லுக்குப் போகும் முன் பொருளைக் கொஞ்சம் பார்ப்போம். மெயில் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அட்டைப்பெட்டி மேலிருக்கும் ஒரு விலைவில்லையை மூன்று அடுக்காக நினையுங்கள். மேலே காகிதம், நடுவே பசை, கீழே வெண்களிமண் பூசி அச்சடித்த அட்டையின் மேல்பரப்பு. இழுக்கும்போது எந்த இடத்தில் பிடி விடுகிறது என்பதுதான் கேள்வியே. பசை அட்டையை விட்டால் பிழைத்தோம். காகிதம் மட்டும் பசையை விட்டு வந்தால் கீழே ஒட்டல் மிஞ்சும். பசை விடாமல், பூச்சு தன் அட்டையை விட்டுவிட்டால், படமும் எழுத்தும் வில்லையின் முதுகில் ஒட்டிக்கொண்டு கையோடு வந்துவிடும். அதற்கு மருந்து இல்லை. ‘ஒட்டுநீக்கம்’ என்ற சொல்லில் இந்த மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன என்பதே என் தயக்கம். மூன்றிலும் ஒட்டு நீங்கத்தானே செய்திருக்கிறது!

ஒரு வேடிக்கை. தானே ஒட்டும் விலைச்சீட்டை 1935இல் லாஸ் ஏஞ்சலஸில் விற்கத் தொடங்கிய ஸ்டான்டன் ஏவரி தன் நிறுவனத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘கம் க்ளீன்’. சுத்தமாக உரிந்து வரும் என்பதுதான் விளம்பரமே. பிறகு கடைக்காரர்களுக்கு வேறு கவலை வந்தது: வாங்க வருபவர்கள் சிலர் மலிவான பொருளின் விலையை உரித்து விலை கூடிய பொருளில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். அதனால் விலை ஒட்டும் கைமெஷினில் ஓடும் சீட்டுகளில் தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே கீறல் போட்டார்கள். இழுத்தால் முழுசாக வராது, துண்டு துண்டாகப் பிய்யும். நம் சகோதரியின் பெட்டியில் இருப்பதும் அப்படிக் கீறல் போட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆமென்றால் மூலையை நிமிண்டி இழுப்பது வீண் வேலை.

அடுத்தது வயது. ரப்பரும் பிசினும் கலந்த பசை காற்றுப்பட்டு வருடக்கணக்கில் மாறும். முதலில் இளகிக் கொழகொழவென்று ஆகி, அட்டையின் இழைக்குள் இறங்கும். பிறகு மெல்ல ஒட்டும் குணத்தை இழந்து, பழுப்பேறி, கெட்டிப்பட்டுப் போகும். இளகிய பருவத்தில் இருக்கும் பசை, லைட்டரில் ஊற்றும் திரவம் இருக்கிறதே, அந்த நாப்தாவுக்கு மசியும். நாப்தா தண்ணீர் மாதிரி அட்டையை ஊத வைக்காது, சீக்கிரம் ஆவியாகிவிடும். பெரும்பாலும் அச்சு மையையும் தொடாது. அப்படியும் உள்மடிப்பில் ஒரு துளி வைத்துச் சோதித்துவிட்டே முகப்புக்கு வர வேண்டும். சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம், சட்டென்று பற்றிக்கொள்ளும் சரக்கு அது. கெட்டிப்பட்ட பசைக்கு நாப்தா போதாது. அதைக் கரைக்கும் அசிட்டோன் போன்றவை மையையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

இதெல்லாம் நம் வீட்டில் தெரியாத விஷயமா? புது எவர்சில்வர் டம்ளர் வாங்கினால் அம்மா என்ன செய்வார்? ஸ்டிக்கர் இருக்கும் பக்கத்தை அடுப்பில் லேசாகக் காட்டுவார். பசை இளகும். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக இழுப்பார். மிச்சத்துக்குத் தேங்காய் எண்ணெய். தத்துவம் அதேதான், பாத்திரம்தான் வேறு. எவர்சில்வர் எண்ணெயைக் குடிக்காது, அட்டை குடித்துவிடும். கடைகளில் விற்கும் ஆரஞ்சு வாசனை திரவங்களும் இப்படி எண்ணெய்க் கறையை அட்டையில் விட்டுப்போகும். பிளாஸ்டிக் பெட்டியில் வந்த சேகா ஜெனிசிஸ் கருவியின் விளையாட்டுகளைச் சேகரிப்பவர்கள் பாக்கியசாலிகள். அங்கே வில்லை உட்கார்ந்திருப்பது வெளிப் பிளாஸ்டிக்கில், படத்தாள் அதற்கு உள்ளே.

இனி சொல். அம்மா செய்த காரியத்தில் இரண்டு வினை இருக்கிறது: இளக்குவது, உரிப்பது. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதில் இறங்கினால் அதற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் உண்டு, ‘பிய்ப்பது’. எனவே செயலுக்கு ‘இளக்குரிப்பு’ என்று வைக்கலாமா? மிஞ்சிய பசைக்கு எச்சமும் வேண்டாம், மிச்சமும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு என்கிறோமே, அந்தப் ‘பிசுக்கு’ விரலில் ஒட்டுகிறது என்பதைச் சொல்லும்போதே காட்டிவிடுகிறது. கிழிந்த இடத்துக்கு ‘உரிவடு’. காயம் ஆறும், வடு ஆறாது. வெளிறாத சதுரம் ‘சுவடு’.

டொராண்டோவிலிருந்து:

சென்னை அக்காவின் பிசுக்குக்கு என் வாக்கு. ஆனால் கேட்டவர் ஒன்றை விட்டுவிட்டார், அது ஆபத்தான இடம்.

நிண்டெண்டோ 1985இல் தன் விளையாட்டுக் கருவியை நியூயோர்க்கில் முதலில் விற்றுப் பார்த்த காலத்து விளையாட்டுப் பெட்டிகளில் ஷ்ரிங்க் உறை, அதாவது இறுகப் போர்த்திய பிளாஸ்டிக் உறை, கிடையாது. பெட்டியின் மூடி மடலை ஒரு சிறிய வட்ட ஸ்டிக்கர்தான் மூடி வைத்திருந்தது. அப்படி ஸ்டிக்கர் கிழியாமல் இருந்த ஒரு சூப்பர் மரியோ பிரதர்ஸ் பெட்டி 2019இல் 1,00,150 டொலருக்குப் போனது. உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு யாராவது நாப்தாவோடு அந்த ஸ்டிக்கரில் கை வைத்தால் என்னாவது? விலைவில்லை வேறு, இது வேறு என்று சொல்லிலேயே தெரிய வேண்டும்.

‘முத்திரைவில்லை’ என்று யாராவது சொல்ல வருவதற்குள் முந்திக்கொள்கிறேன். இலங்கையில் முத்திரை என்றால் தபால்தலை. தபால்தலை சேகரிப்பவர்கள் அதைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் உரிப்பார்கள். எங்கள் ஆட்கள் படித்தால் பெட்டியைக் கொண்டுபோய்க் கோப்பையில் போட்டுவிடுவார்கள். ‘காப்புவில்லை’ என்று வையுங்கள்.

இன்னொன்று. ஷ்ரிங்க் உறை பிரிக்காத பெட்டியின் உறை மேல் விலைவில்லை இருந்தால், எவர்சில்வர் டம்ளர் வைத்தியம் உதவாது. அந்த உறையே சூட்டில் சுருங்கும்படி செய்தது. ஹேர் டிரையரைக் காட்டினால் உறை இன்னும் இறுகி, எங்காவது ஓர் ஓரம் வெடிக்கும்.

பாளையங்கோட்டையிலிருந்து:

காக்கை வாதம் செல்லாது என்று முதலில் பதிவு செய்துகொள்கிறேன். நாற்பது ஆண்டு பெயரெச்சமும் வினையெச்சமும் நடத்தியிருக்கிறேன், ஒரு மாணவனும் மொட்டைமாடியை நினைத்ததில்லை. ஆனாலும் பிசுக்கு என்னைத் தோற்கடித்துவிட்டது. எச்சம் எதற்கும் எச்சம். பிசுக்கு பசைக்கே உரியது.

உரிவடு வினைத்தொகை. உரிந்த வடு, உரிகின்ற வடு, உரியும் வடு என்று மூன்று காலமும் காட்டும். இழுக்கப்போகிறவருக்கு அந்த எதிர்காலம்தான் எச்சரிக்கை. என்னுடைய ‘உரிகாய’த்தைத் திரும்பப் பெறுகிறேன். சொன்னபிறகுதான் எனக்கே மாங்காய் ஊறுகாய் ஞாபகம் வந்தது.

‘இளக்குரிப்பு’ மட்டும் எனக்கு உவப்பாக இல்லை. ‘இளக்கு’ இளக்குவதா, இளக்கப்பட்டதா என்று தெரியவில்லை. காதில் ‘குரிப்பு’ என்று தனியாக உடைகிறது. நாளை யாராவது அதைக் ‘குறிப்பு’ என்று திருத்திவிடுவார்கள். ‘இளக்கி உரித்தல்’ என்று இரண்டு சொல்லாகவே இருக்கட்டும். கலைச்சொல் என்றால் ஒற்றைச் சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை அந்த ‘இளக்கி’ என்ற வினையெச்சம் சொல்லிவிடுகிறது. (ஆம், வினையெச்சம்தான். பெங்களூர்த் தம்பி கவனிக்க.)

சுவடு ஏற்கத்தக்கது. தனியே நின்றால் கால்தடம் என்று மயங்கும் இடங்களில் ‘வில்லைச்சுவடு’ என்று விரிக்கலாம்.

பெங்களூரிலிருந்து:

சரணடைஞ்சேன் ஐயா. ஆனா பேச்சுல ஸ்டிக்கர்தான் சொல்வேன், பரவாயில்லையா?

சிகாகோவிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. பேச்சில் நானும் ஸ்டிக்கர்தான் தம்பி. குறிப்பின் முதல் பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

“கையில் எடுத்ததும் அது விலைவில்லையா காப்புவில்லையா என்று பாருங்கள். காப்புவில்லை என்றால் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். விலைவில்லை என்றால், அட்டையா, பிளாஸ்டிக்கா, ஷ்ரிங்க் உறையா, எதன்மேல் இருக்கிறது என்று பாருங்கள். அட்டை என்றால் இளக்கி உரிக்க வேண்டும். திரவம் பசைவரை இறங்க நேரம் கொடுங்கள். ஓரம் தானாக எழும்பியதும், வில்லையை அதன்மேலேயே மடித்து, பரப்போடு ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். மேல்நோக்கித் தூக்கினால் உரிவடு விழும். பிசுக்கை அன்றே தேய்க்க வேண்டாம். சுவட்டுக்கு வைத்தியம் இல்லை. அது பசையின் வேலை அல்ல, வெயிலின் வேலை.”

எழுதிய சூட்டில் எர்த்பவுண்டில் கை வைத்தேன். முதலில் சென்னை அக்கா சொன்னபடி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். மேலே இருந்த தள்ளுபடி வில்லையில் நான்கு வளைவுக் கீறல்கள். நாப்தா கீறல் வழியாகவே உள்ளே இறங்கியது. வரவிடாமல் செய்ய வைத்த கீறல் எனக்கு வாய்க்கால் ஆகிவிட்டது! ஐந்து துண்டாக வந்தது. கீழே இருந்த பழைய வில்லை அட்டையைப் பிடித்திருந்தது. முக்கால்வாசி நன்றாக வந்தது, கடைசி மூலையில் அவசரப்பட்டேன். அரிசி மணி அளவுக்கு ஓர் உரிவடு, பொன்னிறத்தின் நடுவே வெள்ளையாக. பேனா மையால் தொட்டு மறைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். மறைத்தால் விற்கும்போது சொல்லியாக வேண்டும், அதற்கும் ஒரு சொல் தேட வேண்டி வரும் என்பதால் விட்டுவிட்டேன்.

மேல்மூலையில் இருக்கும் மூன்றாவது வில்லையைத் தொடவில்லை. எப்போதோ மூடிவிட்ட ஒரு சின்னக் கடையின் பெயர் அதில் இருக்கிறது. விலை அழிந்துவிட்டது.