கான்ஃபிகரேஷன் இன்டர்ஃபேஸ்: "அமைவுமுகம்" என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் சொந்தமாக ஓர் ஆவண வகுப்பு (ஆவணத்தின் தோற்றத்தை வகுக்கும் கோப்பு) எழுதுகிறவர், அதைப் பயன்படுத்துகிறவர் எதையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம், எந்தப் பெயரில், எந்த இடத்தில் மாற்றலாம் என்று வகுத்துத் தர வேண்டும். தாள், எழுத்தளவு, ஓரம், தலைப்புப் பக்கம் தனியாக வேண்டுமா வேண்டாமா எல்லாம் இதில் வரும். யூசர் கான்ஃபிகரேஷன் இன்டர்ஃபேஸ் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். இதற்குப் "பயனர் உள்ளமைவு இடைமுகம்" என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. "அமைவுமுகம்" போதும் என்பது என் கருத்து.

முதல் சிக்கல் "உள்" என்ற முன்னொட்டு. ஒரு வகுப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். வரி அகலம், மேல் ஓரம், பத்திகளுக்கு இடையே விடும் இடம் என்று நீள அளவுகள் வரிசையாக இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று கட்டிவைத்த மேக்ரோக்கள், அதாவது சுருக்கக் கட்டளைகள், இருக்கும். அதுதான் உள்ளே இருக்கும் அமைவு. பயனர் அதைத் தொடாமலே வேலையை முடிக்க வேண்டும் என்பதற்காகத்தானே இந்த இடைமுகத்தையே செய்கிறோம்? வெளியே நின்று பேசுகிற பகுதிக்கு "உள்" என்று பெயர் வைத்தால், வகுப்பு எழுதப் பழகுகிற ஒருவர் உள்ளே கிடக்கும் அளவுகளை அப்படியே வெளியே எடுத்து வைத்துவிடுவார். அப்படிச் செய்யப்பட்ட வகுப்புகள் நிறையவே இருக்கின்றன. முப்பது நாற்பது சாவிகள், அதாவது பயனர் மதிப்புக் கொடுக்கும் பெயர்கள், இருக்கும்; ஒன்றை மாற்றினால் இன்னொன்று கெடும்.

நல்ல எடுத்துக்காட்டு கோமா-ஸ்கிரிப்ட் என்ற லாடெக் வகுப்புத் திரட்டில் உள்ள பிசிஓஆர் என்ற சாவி. பெயர் அழகாக இல்லை, ஆனால் அதன் பின்னால் உள்ள யோசனை அருமை. இடது ஓரம் இத்தனை மில்லிமீட்டர் என்று அது கேட்பதில்லை. பைண்டிங்கில் தாளின் எவ்வளவு அகலம் மறையும் என்று மட்டும் கேட்கிறது. நாம் 8 மி.மீ. என்று சொன்னால், மீதமுள்ள அகலத்தை வைத்து எழுத்துப் பரப்பையும் இருபுற ஓரங்களையும் வகுப்பே கணக்கிட்டுக்கொள்கிறது. பயனருக்குத் தெரிந்தது பைண்டிங். வகுப்புக்குத் தெரிந்தது கணக்கு. இரண்டும் சந்திக்கிற இடத்துக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

அந்த இடத்தை "முகம்" என்று சொல்வது தமிழுக்குப் புதிதல்ல. துறைமுகம், கழிமுகம் இரண்டிலும் அதே பொருள்தான்: ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் போகிற வாய். இன்டர்ஃபேஸ் தனியாக வரும்போது "இடைமுகம்" இருக்கட்டும், அது நன்றாக வேரூன்றிவிட்டது. கூட்டுச்சொல்லில் "இடை" தேவையில்லை. "பயனர்" என்பதும் தேவையில்லை, வேறு யாருக்காக அமைவுமுகம் செய்யப் போகிறோம்?

"அமைப்பு" ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சங்கமும் அமைப்பு, சிஸ்டமும் அமைப்பு, செட்டிங்கும் அமைப்பு. "பக்க அமைப்பு" என்றால் ஏற்கெனவே லேஅவுட். "அமைவு" இன்னும் அவ்வளவு சுமக்கவில்லை. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "இந்த வகுப்பின் அமைவுமுகத்தில் ஆறே சாவிகள்." "அமைவுமுகத்தை மாற்றினால் பழைய ஆவணங்கள் ஓடாது, உள்ளே என்ன வேண்டுமானாலும் மாற்றலாம்." வேற்றுமை உருபு இடறாமல் ஏறுகிறது.

அடுத்து, ஆப்ஷனுக்குத் "தேர்வு" என்ற சொல். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வினாத்தாள் அச்சுக்கோப்பதற்கென்றே வகுப்புகள் இருக்கின்றன. அவற்றின் கையேட்டில் "தேர்வு" எந்தத் தேர்வு? ஆவணம் முழுவதற்கும் கொடுக்கும் குளோபல் ஆப்ஷனைப் "பொதுத் தேர்வு" என்று எழுதிப் பாருங்கள், படிக்கிறவர் மனத்தில் பன்னிரண்டாம் வகுப்புதான் வரும். இலங்கைத் தமிழில் வழங்கும் "தெரிவு" கையில் இருக்கிறது. அதையே எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். டீஃபால்ட்டுக்கு முன்னிருப்பு, சரி, அதில் சண்டை வேண்டாம்.

தெரிவும் அமைவும் ஒன்றா என்று கேட்கப்பட்டது. வரலாற்றில் அவை வேறாகத்தான் தொடங்கின. பழைய பதிப்பான லாடெக் 2.09-இல் சதுர அடைப்புக்குள் ஒரு பெயர் எழுதினால், பாணிக்கு (அப்போது வகுப்பின் இடத்தில் இருந்தது) அது தெரியாத பெயராக இருக்கும்போது அந்தப் பெயரில் ஒரு கோப்பைத் தேடி ஏற்றும். 1994-இல் வந்த லாடெக் 2ஈ வகுப்பையும் தொகுப்பையும் (கூடுதல் வசதி சேர்க்கும் கோப்பு) பிரித்தது. அப்போதும் தெரிவுகள் வெறும் சொற்கள்தான். அவற்றின் இடைவெளிகளை லாடெக் நீக்கிவிடும் என்பதால் தலைப்பு, துறையின் பெயர் போன்றவற்றை அங்கே கொடுக்க முடியாது, சொற்கள் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஹைப்பர்ரெஃப், ஜியாமெட்ரி போன்ற தொகுப்புகள் தனியாக ஒரு அமைவுக் கட்டளையும் வைத்தன. 2022 ஜூன் வெளியீட்டில் சாவி-மதிப்பு முறை லாடெக்கின் கருவுக்குள்ளேயே வந்துவிட்டது. அதில் ஒவ்வொரு சாவிக்கும் அது எப்போது செல்லுபடியாகும் என்று குறிக்கலாம்: வகுப்பு ஏறும்போது மட்டும், ப்ரீஆம்பிளில் (ஆவணத்தின் உடலுக்கு முந்தைய கட்டளைப் பகுதியில்) மட்டும், அல்லது எங்கும். ஆகவே, பிரிக்க வேண்டியது தெரிவு, அமைவு என்று பொருளால் அல்ல, காலத்தால். "ஏற்றக்கால அமைவு", "முன்கால அமைவு", "எக்கால அமைவு" என்று மூன்று வைத்திருக்கிறேன். நடுவிலுள்ளது எனக்கே நிறைவாக இல்லை.

இப்போது அன்யூஸ்டு குளோபல் ஆப்ஷன் என்ற எச்சரிக்கைக்கு வருகிறேன். இதற்கு "பயன்படுத்தப்படாத" என்று நேராகப் பெயர்த்தால் நடப்பது தெரியாது. அடிப்படை வகுப்புகள் 10, 11, 12 புள்ளி எழுத்தளவுகளை மட்டுமே அறியும். ஒருவர் 13 புள்ளி என்று எழுதினால் பிழை வராது. வகுப்பு தனக்குத் தெரியாத தெரிவை, பின்னால் வரும் ஏதாவது தொகுப்பு எடுத்துக்கொள்ளும் என்று விட்டுவைக்கிறது. யாரும் எடுக்கவில்லை என்றால் பதிவுக் கோப்பில் ஒரு வரி எச்சரிக்கை, அவ்வளவுதான். ஆவணம் 10 புள்ளியில் அச்சாகி வந்துவிடும். "கேட்பாரற்ற தெரிவு" என்றால் இந்த முழுக் கதையும் சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

இது தமிழில் சாவிப் பெயர் வைக்கிறவர்களுக்கு மிக முக்கியம். யூனிகோடை நேரடியாகப் படிக்கும் டெக் எஞ்சின்களான சீடெக்கிலும் லுவாடெக்கிலும் தமிழ்ச் சாவிகள் வைக்கலாம், நானும் வைக்க வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் யூனிகோடில் ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. இந்த இரண்டு எஞ்சின்களும் முன்னிருப்பாக இவற்றை ஒன்றாக்குவதில்லை. வகுப்பில் "தோற்றம்" என்ற சாவி ஒரு விதமாகவும் ஆவணத்தில் இன்னொரு விதமாகவும் இருந்தால், வகுப்பைப் பொறுத்தவரை அவை இரு வேறு பெயர்கள். கேட்பாரற்ற தெரிவாகப் போய்விடும். எழுத்துப்பிழை என்று எவ்வளவு தேடினாலும் கண்ணுக்குச் சிக்காது. ஆகவே ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வரும் சொற்களைச் சாவிப் பெயராக வைக்க வேண்டாம். "தாள்", "ஓரம்", "எழுத்தளவு", "இருபக்கம்" எல்லாம் பாதுகாப்பானவை. தொடக்கத்தில் வரும் ஓ தனி எழுத்து, அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. "தொகுப்பு", "கோடு", "நோக்கம்" வேண்டாம். கட்டாயம் வேண்டுமென்றால், இரண்டு வடிவங்களையும் வகுப்பிலேயே அறிவித்து ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிட வேண்டும்.

மிச்சம் இருப்பது ப்ரீஆம்பிள். "முகவுரை" என்று வைத்தால் நூலின் முகவுரையோடு மோதும். "முகப்பு" என்றால் அட்டையும் தலைப்புப் பக்கமும் நினைவுக்கு வரும். "தொடக்கப்பகுதி" என்று இப்போதைக்கு எழுதி வருகிறேன், ஆனால் அதிலிருந்து ஒரு நல்ல பெயரடை கிடைக்கவில்லை. மேலே "முன்கால" என்று தடுமாறியதற்கும் அதுதான் காரணம். ஆவணத்தின் உடல் தொடங்குவதற்கு முன்னால் கட்டளைகள் மட்டுமே நிற்கும் அந்த இடத்துக்கு, நூலின் எந்த உறுப்போடும் மோதாத சொல் யாரிடமாவது இருக்கிறதா?