கிழங்கு ஆலை வீடு: குடும்பக் குழு

பாப்பா: பெரியப்பா, நம் ஆலையின் வரலாறு பள்ளிக்கு எழுத வேண்டும். ‘எங்கள் தாத்தா கார்ன்ஃப்ளவர் மில் வைத்திருந்தார்’ என்று தொடங்கியிருக்கிறேன். சரியா?

பெரியப்பா: அதை முதலில் அடித்துவிடு கண்ணு. கார்ன்ஃப்ளவர் மக்காச்சோளத்தில் எடுப்பது. நம்முடையது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் கிழங்கு மாவு. அதில்தான் ஜவ்வரிசி செய்வது. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். அதனால்தான் சிலர் மக்காச்சோள மாவைக் கலந்து ஜவ்வரிசி போட்டார்கள். கிழங்கு பயிரிட்டவனுக்கு அதில் எவ்வளவு நஷ்டம்! தாத்தா மக்காச்சோள மாவை ஒரு மூட்டைகூட வாசல் தாண்டி உள்ளே விட்டதில்லை.

பாப்பா: தாத்தாதான் சேலத்தில் முதலில் தொடங்கினாரா?

பெரியப்பா: இல்லையம்மா. அது 1943. போர்க்காலம், வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றுபோயிருந்தது. சேலத்து மீன் வியாபாரி மாணிக்கம் செட்டியார் கேரளத்துக்குப் போய்வருகிறவர். பினாங்கிலிருந்து வந்த போபட்லால் என்பவர் பழக்கமானார். கிழங்கில் மாவு எடுக்கும் வேலை அவருக்கு அத்துபடி. அப்படிக் குடிசைத் தொழிலாக ஆரம்பித்ததுதான். தாத்தா ரொம்பப் பின்னால். ஆத்தூரில் ஒரு ஆலையில் கூலிக்குக் கிழங்கு உரித்துத் தொழில் பழகியவர்.

ராசிபுரம் அத்தை: கிழங்கு உரித்தது தாத்தா, மாவுத் தூளி ஆட்டியது உன் பாட்டி, எங்கள் ஆயா. அதையும் எழுது பாப்பா. அரைத்து வடிகட்டிய கிழங்குப் பால் தொட்டியில் நிற்கும், மாவு அடியில் படியும். மேல் தண்ணீரை இறக்கிவிட்டு, கட்டியை வெட்டி உதிர்த்து, துணித் தூளியில் போட்டு ஆட்டுவார்கள். முதலில் சொத்துசொத்தென்று விழும். மணி திரண்டதும் சரசரவென்று ஓடும். ஆயா கையே விட்டுப் பார்க்க மாட்டார். சத்தத்தைக் கேட்டே ‘போதும், இறக்கு’ என்பார். அப்புறம் தேங்காய் எண்ணெய் தடவிய சூட்டுத் தட்டில் வறுத்து, களத்தில் காயவைப்பது.

அண்ணன்: பாயிண்ட் பார்ப்பதைச் சொல்லுங்கள் பெரியப்பா.

பெரியப்பா: ஆமாம். கிழங்குக்கு வெறும் எடை பார்த்துக் காசு கொடுப்பதில்லை. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை. தாத்தா விவசாயியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் பார்ப்பார். மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை, அதாவது திப்பி, மாட்டுத் தீவனத்துக்குப் போகும். 1981இல் ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. அதற்கு முன் நம் ஜவ்வரிசிக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. மகாராஷ்டிரத்தில் விரத நாளுக்குச் சாபுதானா கிச்சடி செய்கிறார்களே, அதில் பெரும்பங்கு நம் பக்கத்துச் சரக்கு.

ராசிபுரம் அத்தை: 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்று ஆயா படத்துக்கு முன் ஒரு கிண்ணம் பாயசம் வைத்தேன்.

பெரியப்பா: தங்கச்சி, பழைய தொட்டியை அடுத்த வாரம் இடிக்கிறோம். சுவர் பிளந்துவிட்டது. பரணில் தூளித் துணி ஒன்று கிடைத்தது, மடிப்பில் இன்னும் மாவு ஒட்டியிருக்கிறது. துவைத்துக் கொடுத்தனுப்பவா?

ராசிபுரம் அத்தை: துவைக்காதீர்கள் அண்ணா! அம்மா கைபட்ட மாவு. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன்.

பாப்பா: அத்தை, நானும் ஆலைக்கு வருகிறேன். ஆட்டிக் காட்டுங்கள்.